ஷிகோக்கு பாதயாத்திரை: முதல் முறைக்கு 23 கோவில் போதும்

ஜப்பானின் ஷிகோக்கு தீவில் இருக்கும் 88 கோவில் யாத்திரையில் சேர வேண்டும், எங்கே பெயர் பதிவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: எங்கும் பதிய வேண்டாம். குழு கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, நீங்கள் பௌத்தரா என்று யாரும் கேட்பதும் கிடையாது. ஏதாவது ஒரு கோவில் வாசலில் நின்று குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனால் யாத்திரை தொடங்கிவிட்டது. வரிசைப்படி போகலாம், மாற்றியும் போகலாம். முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்கலாம், வருடத்துக்குக் கொஞ்சமாகவும் முடிக்கலாம். ஜப்பானியர்களே பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் போகிறார்கள்.

நான் கோபே நகரத்தில் குடியிருக்கிறேன். பாலத்தைத் தாண்டினால் ஷிகோக்கு. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் விட்ட இடத்திலிருந்து நடப்பது என் வழக்கம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் சிநேகிதிகளையும் அழைத்துப் போவதும் உண்டு. அவர்கள் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் சொல்வேன்: 88-க்குத் திட்டம் போடாதீர்கள். முதல் முறை தொகுஷிமா மாவட்டத்தின் 23 கோவில்களை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். இதற்கு ஜப்பானில் ‘இக்கோகு மைரி’ என்று தனிப் பெயரே இருக்கிறது. ஷிகோக்குவின் மாவட்டங்கள் பழைய காலத்தில் தனித்தனி நாடுகள், அதில் ஒன்றை மட்டும் சுற்றி வருவது. அதை யாரும் அரைகுறை யாத்திரை என்று நினைப்பதில்லை.

ஏன் 23 என்று சொல்லும் முன் கொஞ்சம் பின்னணி. ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோக்கு. தீவைச் சுற்றி வரும் இந்தப் பாதை சுமார் 1,200 கிலோமீட்டர். நடந்து முடிக்க 40 முதல் 60 நாள் ஆகும். கோவில்கள் எல்லாம் கூகாய் என்ற துறவியின் நினைவோடு கட்டுண்டவை. 774-இல் இந்தத் தீவிலேயே பிறந்தவர் அவர். இன்று 75-ஆம் கோவிலான ஸென்ட்சூஜி இருக்கும் இடம்தான் பிறந்த ஊர். 804-இல் சீனா போய், ஷிங்கோன் என்ற மந்திர வழியைக் கற்றுத் திரும்பி, 835-இல் ஒசாக்காவுக்குத் தெற்கே இருக்கும் கோயா மலையில் அடங்கினார். அவர் இறக்கவில்லை, அங்கே இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. இறந்த பின் அவருக்குக் கொடுக்கப்பட்ட பட்டம் கோபோ தைஷி. ஷிகோக்குவில் வெறுமனே ‘ஒதைஷி-சான்’ என்பார்கள், வீட்டுப் பெரியவரைச் சொல்வது மாதிரி.

ஷிங்கோன் கோவில்களில் எட்டு குருமார்களின் படங்களைப் பார்ப்பீர்கள். அதில் ஒருவர் வஜ்ரபோதி. தென்னிந்தியாவிலிருந்து 8-ஆம் நூற்றாண்டில் கடல் வழியாகச் சீனா போனவர். அவருடைய சீடரின் சீடர்தான் கூகாய்க்குக் கற்றுக்கொடுத்தார். நம் பக்கத்துக் கடற்கரைக்கும் இந்த மலைக் கோவில்களுக்கும் இப்படி ஒரு நேரான தொடர்பு இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தரும் விஷயம்.

பாதை நான்கு மாவட்டங்கள் வழியாகப் போகிறது. தொகுஷிமாவில் 23, கோச்சியில் 16, எஹிமேயில் 26, ககாவாவில் 23. இவற்றை மனம் விழிப்பது, தவம், ஞானம், நிர்வாணம் என்று நான்கு படிகளாகச் சொல்வார்கள். தொகுஷிமா முதல் படி. ஏறக்குறைய 150 கிலோமீட்டர், சாதாரண வேகத்தில் 8 முதல் 10 நாள். வயல் நடுவே கிராமத்துக் கோவில்கள், பெரிய ஆறு, உண்மையிலேயே மூச்சு வாங்க வைக்கும் மூன்று மலைகள், நகரம், கடைசியில் கடல். யாத்திரையில் இருக்கும் எல்லாமே இந்த ஒரு மாவட்டத்துக்குள் கிடைத்துவிடும். உங்கள் காலுக்கும் மனதுக்கும் இது ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

நடையா, பேருந்தா

முட்டி வலி உள்ளவர்கள் தயங்காமல் பேருந்தில் போகலாம். ஒசாக்கா, தகாமட்சு, மட்சுயாமா, தொகுஷிமா ஊர்களிலிருந்து யாத்திரைப் பேருந்துகள் கிளம்புகின்றன. முழுச் சுற்றுக்கு 10 முதல் 12 நாள். ஒரே நாளில் சில கோவில்களை மட்டும் காட்டித் திரும்புவதும் உண்டு. ‘செந்தாத்சு’ என்ற அனுபவமுள்ள யாத்திரிகர் ஒருவர் கூட வந்து, எங்கே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, எல்லாரையும் சேர்த்து மந்திரம் ஓத வைப்பார். பேச்செல்லாம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். ஆனாலும் முன்னால் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தாலே போதும். நடப்பவர்தான் உண்மையான யாத்திரிகர், பேருந்தில் வருபவர் சுற்றுலாப் பயணி என்ற பேச்சை வெளிநாட்டுக்காரர்களிடம்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கோவிலில் அந்த வித்தியாசம் யாரும் பார்ப்பதில்லை.

கால் நன்றாக இருந்தால் நடங்கள். இனி நான் சொல்வது நடப்பவர்களுக்கு.

நடக்க நல்ல காலம் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை, அல்லது அக்டோபர், நவம்பர். ஜூனில் மழைக்காலம், அப்புறம் கடும் வெயில், செப்டம்பரில் புயல். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு ஜப்பான் கோடை என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். ஈரமும் புழுக்கமும் சேர்ந்து மலையேற்றத்தில் ஆளை வீழ்த்திவிடும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒரு வாரம் ஜப்பான் முழுவதும் விடுமுறை. தங்க இடம் கிடைக்காது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலா விசா எடுக்க வேண்டும். விண்ணப்பத்தோடு எந்த நாள் எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்ற நிரலும் கொடுக்க வேண்டும் என்பதால், முதல் நான்கைந்து இரவுகளையாவது முன்னாலேயே பதிவு செய்துகொள்வது நல்லது.

கன்சாய் விமான நிலையத்திலிருந்து தொகுஷிமா ரயில் நிலையத்துக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். அங்கிருந்து கோத்தோக்கு ரயில் பாதையில் பந்தோ என்ற சின்ன நிலையம். இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் முதல் கோவிலான ரியோசென்ஜி.

வாங்க வேண்டியவை

எதையும் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம். ரியோசென்ஜியிலேயே எல்லாம் விற்கிறார்கள். வெள்ளை மேலங்கி, கோரைத் தொப்பி, கைத்தடி, கழுத்தில் போடும் வாகெசா என்ற பட்டை, தோள்பை, முத்திரைப் புத்தகம், பெயர்ச்சீட்டு, மெழுகுவத்தி, ஊதுவத்தி. எல்லாம் வாங்கினால் 10,000 யென்னைத் தாண்டும். அத்தனையும் கட்டாயமில்லை. கை சிக்கனமாக இருந்தால் மேலங்கி, தடி, புத்தகம், பெயர்ச்சீட்டு நான்கும் போதும்.

தடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது கோபோ தைஷியேதான் என்பது நம்பிக்கை. தொப்பியிலும் தடியிலும் ‘தோக்யோ நினின்’ என்று எழுதியிருக்கும்: இருவர் சேர்ந்து போகிறோம் என்று பொருள். தனியாக நடப்பவருக்கும் அவர் துணை. அதனால் மாலையில் தங்குமிடத்துக்குப் போனதும் உங்கள் காலைக் கழுவும் முன் தடியின் அடியைக் கழுவ வேண்டும். அறைக்குள் நல்ல இடத்தில் சாய்த்து வைக்க வேண்டும். பாலத்தின் மேல் நடக்கும்போது தடியைத் தரையில் ஊன்றக் கூடாது, தூக்கிக்கொள்ள வேண்டும். எஹிமேயில் தங்க இடம் கிடைக்காமல் ஒரு பாலத்தின் அடியில் அவர் இரவைக் கழித்தார் என்று கதை. எந்தப் பாலத்தின் அடியில் இன்று அவர் உறங்குகிறாரோ தெரியாது, எழுப்பிவிடக் கூடாது. கழிப்பறைக்குப் போகும்போது தடியை வெளியே வைத்து, வாகெசாவையும் கழற்றிவிட வேண்டும்.

பெயர்ச்சீட்டுக்கு ஒசாமெஃபுதா என்று பெயர். தேதி, ஊர், பெயர், வயது, வேண்டுதல் எழுத வேண்டும். முழு முகவரி தேவையில்லை. ‘இந்தியா, சென்னை’ போதும். தமிழிலேயே எழுதுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு கோவிலுக்கு இரண்டு சீட்டு, 23 கோவிலுக்கு 46. நூறு சீட்டுக் கட்டு ஒன்று வாங்கினால் வழியில் உதவுபவர்களுக்குக் கொடுக்கவும் மிஞ்சும். முந்தின நாள் இரவே அடுத்த நாளுக்கு வேண்டியதை எழுதி வையுங்கள். கோவில் வாசலில் நின்று எழுதினால் நேரம் ஓடிவிடும். உங்களுக்குக் கிடைப்பது வெள்ளைச் சீட்டு. நூறு முறைக்கு மேல் சுற்றியவர்களுக்குச் சரிகைத் துணியில் நெய்த சீட்டு இருக்கிறது. யாராவது அதை உங்களுக்குக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

காலணி, மழை அங்கி, முதுகுப்பை மூன்றும் பழகியவையாக இருக்கட்டும். பை 7 கிலோவுக்கு மேல் வேண்டாம். அதிகமாக இருப்பதை அஞ்சலகத்திலோ கூரியரிலோ கடைசி ஊர் விடுதிக்கு அனுப்பிவிடலாம்.

கோவிலில் செய்வது

இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். 88-ஐ அவசரமாக ஓடி முடிப்பவர்கள் முதலில் விடுவது இந்த முறையைத்தான். ஒரு கோவிலுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வாசலில் ஒரு முறை குனிந்து வணங்குங்கள். தண்ணீர்த் தொட்டியில் கரண்டியால் முதலில் இடது கை, அடுத்து வலது கை, அப்புறம் இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளிப்பது. கரண்டியில் வாய் வைக்கக் கூடாது. மணி இருந்து, அடிக்க அனுமதி இருந்தால் ஒரு முறை அடிக்கலாம். வந்ததும்தான் அடிக்க வேண்டும். தரிசனம் முடித்துத் திரும்பும்போது அடித்தால் பெற்ற புண்ணியம் போய்விடும் என்பார்கள்.

எல்லாக் கோவிலிலும் இரண்டு சன்னிதி. ஹொன்தோவில் அந்தக் கோவிலின் மூலவர். தைஷிதோவில் கோபோ தைஷி. முதலில் ஹொன்தோ. மெழுகுவத்தி ஒன்று: கண்ணாடிக் கூண்டில் மேல் வரிசையிலிருந்து, பின்பக்கமாக வையுங்கள், அடுத்து வருபவர் கையைச் சுட்டுக்கொள்ள மாட்டார். வேறொருவர் ஏற்றிய சுடரிலிருந்து உங்கள் திரியைப் பற்ற வைக்க வேண்டாம். அவருடைய வினையும் சேர்ந்து வரும் என்று நம்பிக்கை. ஊதுவத்தி மூன்று: சட்டியின் நடுவில் செருகுங்கள், இதுவும் அடுத்தவர் கை சுடாமல் இருக்கத்தான். பெயர்ச்சீட்டை அதற்கான பெட்டியில் போட்டு, காசுப் பெட்டியில் ஒரு நாணயம் போட்டு, ஓரமாக நகர்ந்து நின்று ஓதுங்கள். நடுவில் நின்றால் மற்றவர்களுக்கு வழி அடைபடும். தைஷிதோவிலும் இதே முறை, மறுபடி முதலிலிருந்து.

என்ன ஓதுவது? பிரஞ்ஞா பாரமிதா ஹிருதய சூத்திரம்தான் எல்லாரும் ஓதுவது. சிறு புத்தகமாக விற்கிறார்கள். தெரியாவிட்டால் கவலை வேண்டாம். மூலவரின் மந்திரத்தைச் சன்னிதி முன் பலகையில் எழுதியிருப்பார்கள். மருத்துவ புத்தருக்கு ‘ஓன் கொரோகொரோ சென்தாரி மதோகி சொவாகா’. ஓமும் ஸ்வாஹாவும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது இரண்டு மூன்று கோவிலுக்குள் பழகிவிடும். பலகை ஜப்பானிய எழுத்தில் இருப்பதால், பக்கத்தில் நிற்பவர் ஓதுவதைக் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தைஷிதோவில் ‘நமு தைஷி ஹென்ஜோ கொங்கோ’ மூன்று முறை. குறைந்தபட்சம் இந்த ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள்.

இரண்டு சன்னிதியும் முடித்த பிறகே முத்திரை வாங்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு முத்திரைக்கு 500 யென். 2024 ஏப்ரலில் 300-லிருந்து உயர்த்தினார்கள். 23 கோவிலுக்கு 11,500 யென், சில்லறையாகவே வைத்திருங்கள். காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரைதான் திறந்திருக்கும்.

அந்த மேசையின் முன் நிற்கும் இரண்டு நிமிடத்தை அனுபவியுங்கள். புத்தகத்தை விரித்து நீட்டியதும் மூன்று சிவப்பு முத்திரைகள் அழுந்தும். அப்புறம் கனமான தூரிகை மையில் தோயும். நடுவில் பெரிதாக மூலவரின் பெயர், அதற்கு மேல் அவருக்குரிய இந்திய எழுத்து ஒன்று, இடப்பக்கம் கோவிலின் பெயர். கை எங்கும் நிற்காது, திருத்தம் கிடையாது. எழுதுபவர் சில இடங்களில் துறவி, சில இடங்களில் கண்ணாடி போட்ட ஒரு பாட்டி. ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒவ்வொரு விதம். மை காயாத பக்கத்தின் மேல் தாள் வைத்து மூடி, மூலவரின் சிறு படம் ஒன்றோடு திருப்பிக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் கைபேசியை எடுக்க வேண்டாம். படம் எடுப்பதைப் பல கோவில்களில் விரும்புவதில்லை. வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் தாமதம்.

பாதை

முதல் நாள் 1-லிருந்து 6 வரை. 16 கிலோமீட்டர்தான், ஆனால் ஆறு கோவில். முறை பழக இந்த நாள். ஆறாவது கோவிலான அன்ராகுஜியிலேயே தங்கும் வசதி உண்டு, வெந்நீர்க் குளியலும் உண்டு. மாலை வழிபாட்டில் கட்டாயம் உட்காருங்கள்.

இரண்டாம் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். ஒன்பதாவது கோவில் ஹோரின்ஜி, 88-இல் புத்தர் படுத்த கோலத்தில் மூலவராக இருக்கும் ஒரே கோவில். கால் நலத்துக்காக வேண்டிக்கொண்டவர்கள் வைக்கோல் செருப்புகளைக் காணிக்கையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பத்தாவது கிரிஹாதாஜிக்கு 333 படி. தறியில் நெய்துகொண்டிருந்த பெண்ணிடம் கூகாய் ஒரு துண்டுத் துணி கேட்க, அவள் நெய்துகொண்டிருந்த துணியையே தயங்காமல் அறுத்துக் கொடுத்தாளாம். அவள் நினைவாகத்தான் அந்தப் பெயர். படிக்கட்டின் கீழே கடைகளில் கேட்டால் பையை வைத்துவிட்டு ஏற விடுவார்கள்.

பத்திலிருந்து பதினொன்றுக்குப் போக யோஷினோ ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றின் நடுவே பெரிய தீவு. முழுக்க வயல், ஒரு வீடு கூடக் கிடையாது. அங்கே போவதும் வருவதும் தாழ்வான பாலங்கள் வழியாக. வெள்ளம் வந்தால் மூழ்கட்டும் என்றே கட்டியவை, அதனால் கைப்பிடிச் சுவர் இல்லை. அகலம் ஒரு கார் போகும் அளவுதான். கார் வந்தால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்து, தலையைக் குனிந்துவிட்டுப் போவார். தடி கையில் தூக்கியபடி, காலுக்குக் கீழே தெளிந்த தண்ணீரில் கூழாங்கற்கள் தெரியும்.

மூன்றாம் நாள் பதினொன்றாவது ஃபுஜிஇதேராவிலிருந்து பன்னிரண்டாவது ஷோசான்ஜி. 12.9 கிலோமீட்டர் என்று பார்த்து அலட்சியப்படுத்த வேண்டாம். இதை ‘ஹென்ரோ கொரோகாஷி’ என்பார்கள், யாத்திரிகர்களை உருட்டிவிடும் பாதை. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். வழியில் கடை இல்லை. முந்தின நாளே இரண்டு வேளை உணவும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வாங்கிக்கொண்டு, காலை 7 மணிக்குள் கிளம்புங்கள். ஏறி ஏறி மேலே போனதும் ஒரு படிக்கட்டின் உச்சியில் பெரிய தேவதாரு மரம், அதன் முன்னால் கோபோ தைஷியின் வெண்கலச் சிலை திடீரென்று எழுந்து நிற்கும். வந்து சேர்ந்துவிட்டோம் என்று தோன்றும். இன்னும் வரவில்லை. அங்கிருந்து பாதை பள்ளத்தாக்கு வரை இறங்கி, ஒரு சின்ன ஊரைத் தாண்டி, மறுபடி 300 மீட்டர் உயரம் ஏறுகிறது. தெம்பை அந்தக் கடைசி ஏற்றத்துக்கு மிச்சம் வையுங்கள். மழை பெய்தால் ஒரு நாள் காத்திருங்கள்; ஈர வேரும் இலையும் வழுக்கும். ஷோசான்ஜியிலிருந்து இறங்கும் வழியில் தங்குமிடங்கள் மிகக் குறைவு. யாத்திரையில் முதலில் பதிவு செய்ய வேண்டிய இரவு இதுதான்.

வழி தவறுமோ என்ற பயம் வேண்டாம். மரக்கிளையிலும் மின்கம்பத்திலும் தொப்பி போட்ட சிவப்பு யாத்திரிகர் படம் வழி காட்டும். அதோடு பழைய கற்கள் நிற்கும், சுட்டும் விரல் செதுக்கியவை. நாகத்சுகாசா மோஹெய் என்பவர் 1922-இல் இறக்கும் வரை இந்தத் தீவை 280 தடவைக்கு அருகில் சுற்றி நிறுத்திய கற்கள் நிறைய. அவர் கல் ஒன்றைப் பார்த்தால் நான் தொட்டுவிட்டுப் போவேன்.

13 முதல் 17 வரை ஒன்றுக்கொன்று பக்கம். 18, 19-க்கு நகரத்துத் தார்ச்சாலை, பாதத்துக்குச் சோதனை. இங்கே சலிப்பாக இருந்தால் ரயிலிலோ பேருந்திலோ தாண்டிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. மிச்சம் பிடித்த கால் தெம்பை 20-க்கும் 21-க்கும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் எதிரெதிர் மலை. நடுவில் நகா ஆறு வரை இறங்கி ஏற வேண்டும். முடியாதவர்களுக்கு 21-ஆவது தைரியூஜிக்கு மறுபக்கத்திலிருந்து கம்பிவட வண்டி ஓடுகிறது. காட்டுப் பாதையில் புல்லுக்குள் கால் வைக்காதீர்கள். மாமுஷி என்ற விரியன் பாம்பு உண்டு.

கொடுப்பதை வாங்குவது

ஷிகோக்குவில் யாத்திரிகருக்கு ஊர் மக்கள் ஏதாவது கொடுப்பார்கள். ஒசெத்தாய் என்று பெயர். பழனி பாதயாத்திரைக்காரர்களுக்கு வழியில் நீர்மோர் கொடுப்பது மாதிரிதான், ஆனால் இங்கே பந்தல் இருக்காது; வீட்டு வாசலிலிருந்து ஒருவர் ஓடி வந்து கொடுப்பார்.

ஒரு முறை சித்தியை அழைத்துப் போயிருந்தபோது, ஏழாவது கோவில் தாண்டி ஒரு பாட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். நின்று, பையைத் திறந்து, இரண்டு ஆரஞ்சும் நூறு யென் நாணயமும் எடுத்து நீட்டினார்.

“வேண்டாம்னு சொல்லுடி, பாவம், வயசானவங்க” என்றார் சித்தி.

“வாங்கிக்கோங்க சித்தி. அவங்க தைஷிக்குக் கொடுக்கறாங்க. நீங்க வேண்டாம்னா அது தைஷிக்குப் போய்ச் சேராது.”

ஒரு தடவை மறுத்துவிட்டு அப்புறம் வாங்குவது நம் மரியாதை. இங்கே அந்த வழக்கம் வேண்டாம். கொடுப்பவர் உங்கள் யாத்திரையில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். மறுத்தால் அந்தப் பங்கை மறுத்ததாகும். இரண்டு கையாலும் வாங்கி, ‘அரிகாதோ கொசாய்மாஸ்’ சொல்லி, ஒரு பெயர்ச்சீட்டு கொடுங்கள். சித்தி தமிழில் எழுதிய சீட்டைக் கொடுத்ததும், அந்தப் பாட்டி எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பணமாகக் கிடைத்ததை அடுத்த கோவிலில் காணிக்கையாகப் போடுவது என் வழக்கம். யாராவது காரில் ஏற்றிக்கொள்கிறேன் என்றால் மட்டும், நடந்தே போவதாகச் சங்கல்பம் என்று பணிவாகச் சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.

ஆனால் இதை எதிர்பார்த்துப் பையைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. இலவசமாகத் தங்க இடம் கொடுக்கும் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். காசு இருப்பவர் அந்த இடத்தை இல்லாதவருக்கு விட வேண்டும்.

இரவும் சாப்பாடும்

சிறு விடுதிகளில் இரண்டு வேளை உணவோடு ஓர் இரவுக்குச் சுமார் 8,000 முதல் 10,000 யென். பெரும்பாலும் ரொக்கம்தான். மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், 6 மணிக்குச் சாப்பாடு. தாமதமானால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நீங்கள் வரவில்லை என்றால் மலையில் விழுந்துவிட்டீர்களோ என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். நடத்துபவர்கள் வயதானவர்கள், பல விடுதிகள் மூடிவிட்டன, அதனால் பழைய பட்டியலை நம்பாமல் இரண்டு நாள் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது: இன்றைய விடுதி அம்மாவிடமே நாளைய விடுதிக்குப் பேசச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனம். கோவிலில் தங்கினால் சைவம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வருவார்கள்; ஷிகோக்குவில் கோவில் விடுதியிலும் மீன் வைப்பது சகஜம். மீனை ஒதுக்கினாலும் சூப், குழம்பு, நூடுல்ஸ் எல்லாவற்றிலும் தஷி என்ற மீன்சாறு இருக்கும். பதிவு செய்யும்போதே ‘நிகு மோ சகானா மோ தாபெமாசென், தஷி மோ’ என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன் சாப்பிட மாட்டேன், தஷியும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னால் சமைத்தவருக்கு வருத்தம். நான் பையில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் வைத்திருப்பேன்; சாதம், டோஃபு, காய்கறி எங்கும் உண்டு. பகலில் கடைகளில் உமெபோஷி என்ற புளிப்பான ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும், இரண்டு சாப்பிட்டால் மதியம் ஓடிவிடும். பணம் எடுக்கச் சிற்றூரில் அஞ்சலக இயந்திரம் இருக்கிறது, வெளிநாட்டு அட்டையை ஏற்கும்.

23-க்குப் பிறகு

கடைசி நாள் மலையை விட்டு இறங்கி ஹிவாசா என்ற கடலோர ஊருக்கு வருவீர்கள். 23-ஆவது யாகுவோஜி அங்கே. பெண்களுக்கு 33 படி, ஆண்களுக்கு 42 படி. அந்தந்த வயது கண்டம் என்று நம்பி, ஒவ்வொரு படியிலும் ஒரு நாணயம் வைத்தபடி ஏறுகிறார்கள். சில்லறை எடுத்து வையுங்கள். மேலிருந்து துறைமுகமும் கடலும் தெரியும்.

ஹிவாசாவிலிருந்து தொகுஷிமாவுக்கு ரயில் உண்டு. தடியை ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் விமானத்தில் சரக்காகத்தான் ஏற்றுவார்கள், துணி சுற்றிக் கட்டிக் கொடுங்கள். முத்திரைப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை இதே தடி, இதே புத்தகத்தோடு இங்கிருந்து தொடரலாம். ஆனால் 24-ஆவது கோவில் முரோட்டோ முனையில், சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் இந்த 88-இல் ஒரு கோவிலும் இல்லை, நெடுஞ்சாலையும் கடலும்தான். அந்தப் பகுதிக்கு இரண்டு மூன்று இரவுத் தங்குமிடத்தை விமானச் சீட்டு எடுக்கும் முன்னரே உறுதி செய்துகொள்ளுங்கள்.